கணிப்பொறி நிலைகுலைவது ஏன்? – இயங்குதள முடக்கமும் சீர்செய்யும் நெறியும்

சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கு நாள்தோறும் பணிக்குச் செல்வோரைப் பார்த்து, நாமும் ஒருநாள் அங்குச் செல்வோம் என்று எண்ணும் மாணவர் நம் வகுப்பறைகளில் பலர் உள்ளனர். கணிப்பொறியை இயக்க அவர்களுக்கு நாம் கற்பிக்கிறோம். அது நின்றுபோனால் என்ன செய்வது என்பதைக் கற்பிக்கிறோமா?

இவ்வினாவை எழுப்பியது ஒரு சிறு நிகழ்ச்சி. முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டின் நான்காம் இயலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது மடிக்கணினி நீலத்திரை காட்டி நின்றது. மீண்டும் இயக்கியும் பயனில்லை. பழுதுபார்க்கும் கடையில், எல்லாவற்றையும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவலாம் என்றனர். அவ்வாறு செய்திருந்தால் கணிப்பொறி பிழைத்திருக்கும். மூன்றாண்டு உழைப்பு அழிந்திருக்கும். வேறு படி அவரிடம் இல்லை.

முடக்கம் என்பது யாது?

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று மேலாண்மை செய்வது. இதனை ஒரு வீட்டுடன் ஒப்பிடலாம். சொற்செயலி, இணைய உலாவி போன்றவை திண்ணையில் அமரும் விருந்தினர். அவற்றுள் ஒன்று தவறிழைத்தால் அதனை மட்டும் வெளியேற்றிவிட்டு வீடு தன் வேலையைத் தொடரும். இயங்குதளத்தின் உட்கருவும், வன்பொருளை இயக்கும் இயக்கிகளும் உள்ளறைச் சாவியை உடையவை. அவை தவறிழைத்தால் எந்த அறையில் என்ன கெட்டது என்பதை அறிய இயலாது. அந்நிலையில் தொடர்ந்து இயங்கினால் தவறான செய்தி வன்தட்டில் எழுதப்பட்டு, நல்ல கோப்புகளும் கெடக்கூடும். ஆதலால் இயங்குதளம் தானே அனைத்தையும் நிறுத்திவிடுகிறது.

விண்டோஸில் இது நீலத்திரையாகத் தோன்றியது. 2025ஆம் ஆண்டில் விண்டோஸ் 11இல் கருந்திரையாக மாற்றப்பட்டது. லினக்ஸில் இதனைக் ‘கெர்னல் பேனிக்’ என்பர். பெயர் எதுவாயினும் முடக்கம் பெரும்பாலும் ஒரு தற்காப்புச் செயலே. அத்திரையில் காணும் பிழைக்குறியீடு நோயாளி மருத்துவரிடம் சொல்லும் முதற் சொல். அதனைக் கேளாமல் மருந்து கொடுப்பது தவறு.

மீனம்பாக்கம் கண்ட பாடம்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. சென்னை மீனம்பாக்கம் உள்ளிட்ட பல விமான நிலையங்களில் கணிப்பொறிகள் முடங்கின. பயணிகளுக்கு நுழைவுச்சீட்டைக் கையால் எழுதித் தரும் நிலை ஏற்பட்டது. உலகெங்கும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இது மொத்த விண்டோஸ் கணிப்பொறிகளில் நூற்றுக்கு ஒன்றினும் குறைவே.

இதற்குக் காரணம் பகைவர் தாக்குதல் அன்று. காவலுக்கு வைத்த மென்பொருளே. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் உட்கருவோடு ஒட்டி இயங்குவது. உள்ளறைச் சாவி பெற்றது. அன்று இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு அதற்கு ஒரு புதிய தரவுக்கோப்பு அனுப்பப்பட்டது. அக்கோப்பின்படி 21 உள்ளீடுகளை ஒப்புநோக்க வேண்டும். மென்பொருள் அளித்தவையோ 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி, தனக்குரிய எல்லைக்கு அப்பாலுள்ள நினைவகத்தைப் படிக்க முயன்றது. இயங்குதளம் நின்றது. கணிப்பொறி தொடங்கும்போதே அம்மென்பொருளும் தொடங்குமாதலால், மீண்டும் இயக்கினாலும் மீண்டும் நின்றது.

நிறுவனம் 78 நிமிடங்களில் கோப்பைத் திருத்திவிட்டது. ஆயினும் முடங்கிய கணிப்பொறி இணையத்தை எட்டித் திருத்தத்தைப் பெறுவது அரிது. ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் தொடங்கி, அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. வன்தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்த இடங்களில் 48 இலக்க மீட்புச் சாவியும் தேவைப்பட்டது. ஏறத்தாழ முழுமையாக மீள்வதற்குப் பத்து நாள்கள் ஆயின. மருந்து சிறிது; அதனைக் கொண்டு சேர்ப்பதே பெரும்பாடு.

சீர்செய்யும் முறை

முதலாவது, திரையைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிழைக்குறியீடும், சில வேளைகளில் பிழைத்த கோப்பின் பெயரும் அதில் இருக்கும்.

இரண்டாவது, கடைசியாக மாறியது எது என்று நம்மை நாமே கேட்க வேண்டும். புதிய மென்பொருளா, இயக்கியா, அண்மைப் புதுப்பிப்பா, நினைவகச் சில்லா? 2024ஆம் ஆண்டின் பெருமுடக்கத்துக்கும் இவ்வினாவே விடை காட்டியது.

மூன்றாவது, கோப்புகளை முதலில் மீட்க வேண்டும். கணிப்பொறி தொடங்காவிடினும், லினக்ஸ் ஏற்றிய யு.எஸ்.பி. துண்டிலிருந்து அதனை இயக்கி, வன்தட்டிலுள்ளவற்றைப் படி எடுக்கலாம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ் நம் ஊரிலேயே பிறந்த அத்தகைய இயங்குதளம். வன்தட்டு பூட்டப்பட்டிருப்பின் மீட்புச் சாவி இன்றியமையாதது. வன்தட்டே பழுதாகி ஒலி எழுப்பினால் இயக்குவதை நிறுத்திவிட வேண்டும்.

நான்காவது, பாதுகாப்பு முறையில் தொடங்கிப் பார்க்க வேண்டும். அங்கு நன்கு இயங்கினால், பின்னர்ச் சேர்க்கப்பட்ட இயக்கி அல்லது மென்பொருளின்மீது ஐயம் கொள்ளலாம். அங்கும் நின்றால் நினைவகம், வெப்பம், வன்தட்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். விண்டோஸிலேயே நினைவகச் சோதனைக் கருவி உண்டு.

ஐந்தாவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என்பதை அறியோம். அதே நோய் மீளும்போது மீண்டும் கைபிசைந்து நிற்போம். அனைத்தையும் அழித்து நிறுவுவது இறுதி வழி; முதல் வழி அன்று.

மேற்கூறிய மாணவியின் கணிப்பொறியையும் இம்முறையிலேயே அணுகினோம். முதலில் ஆய்வேடு யு.எஸ்.பி. துண்டுக்கு வந்து சேர்ந்தது. பின்னர்ச் செய்த சோதனையில் நினைவகச் சில்லு ஒன்று பழுதெனத் தெரிந்தது. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியிருந்தாலும் அந்நோய் தீர்ந்திராது. சில்லை மாற்றினோம்; கணிப்பொறி நலமுற்றது.

நிறைவாக

எந்த இயங்குதளமும் ஒருநாள் நிற்கும். அந்நாளில் நம்மைக் காப்பவை முன்னரே எடுத்து வைத்த படியும், தாளில் எழுதி வைத்த மீட்புச் சாவியும், பதறாத மனமுமே. மீனம்பாக்கத்தில் கணிப்பொறி நின்ற அன்று பேனா பயணிகளை ஏற்றி அனுப்பியது. மாணவர்கள் இம்மலரைப் படித்து மூடியதும், தங்கள் கட்டுரைகளுக்கும் ஆய்வேடுகளுக்கும் மற்றொரு படி எங்கேனும் உண்டா என்று பார்ப்பார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.