நெஞ்சுச் சளியை வெளியேற்றுவோம்

ரமணாசிரமம் பகுதியில் நம் குழு வீடுகளில் இருமலோடு படுத்திருக்கும் பெரியவங்க உண்டு. சளி தேங்கினால் மூச்சுக்குழாய் அடைபடும், கிருமி வளரும். நாம் செய்யவேண்டியது:

1. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, நிமிர்ந்து உட்கார வைக்கணும்.

2. மூக்கால் ஆழமா மூச்சிழுத்து, 3 எண்ணி, மெதுவா விடணும். இப்படி 4 தடவை.

3. கண்ணாடியில் ஆவி படிய ஊதுற மாதிரி, வாயைத் திறந்து 'ஹா' என்று வேகமா 2 தடவை ஊதணும். மேலே வரும் சளியை இருமி, மூடி போட்ட டப்பாவில் துப்பணும். விழுங்கக் கூடாது.

4. தலைசுற்றினால் நிறுத்தி ஓய்வு கொடுக்கணும்.

மூச்சுத் திணறினால், உதடு நீலமானால் உடனே 108. சளியில் ரத்தம் வந்தால், இருமல் 2 வாரம் தாண்டினால் அரசு மருத்துவமனையில் இலவச சளிப் பரிசோதனை. படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வாங்க; கிராம சுகாதார செவிலியரைக் கேட்போம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோரும் செய்து பழகுவோம்!