எழுதக் கற்பவரின் வாசிப்பு

நுழையும்முன்

ஒரு கதையைப் படித்து மகிழ்வது ஒரு வாசிப்பு. அம்மகிழ்ச்சி எவ்வாறு விளைந்தது என ஆராய்வது மற்றொரு வாசிப்பு. படைப்பாளராக விழையும் மாணவருக்கு இரண்டும் தேவை. இரண்டாம் வாசிப்பின் இயல்பையும் பயனையும் இப்பாடம் விளக்குகிறது.

அன்னமும் ஆவும்

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், தலைமாணாக்கருக்கு அன்னத்தையும் ஆவையும் உவமையாகக் கூறுகிறது. அன்னம் நீரை விலக்கிப் பாலை மட்டும் பருகும் என்பது இலக்கிய மரபு. ஆவோ புல்லைக் கண்டவிடத்து வயிறார மேய்ந்து, பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும். வாசிப்பும் இத்தகையதே. முதல் வாசிப்பில் தடையின்றிப் படைப்பில் தோய வேண்டும். அடுத்த வாசிப்பில் வினாக்களோடு அதனை அணுக வேண்டும்.

கற்பித்ததை மட்டுமே திருப்பிச் சொல்லும் கிளியை இடைமாணாக்கருக்கே நன்னூல் உவமையாக்கியது. விரும்பிய எழுத்தாளரின் நடையை ஆராயாது பின்பற்றுவோர் கிளியின் நிலையிலேயே நின்றுவிடுவர்.

வினாவில் விளைந்த கதை

கம்பராமாயணத்தில் கல்லாய்க் கிடந்த அகலிகை, இராமனின் பாதத்துகள் பட்டுப் பெண்ணுருப் பெறுகிறாள். அதே காப்பியத்தின் பிற்பகுதியில் சீதை தீப்புகுந்து தன் கற்பை மெய்ப்பிக்க நேர்கிறது. வெவ்வேறு காண்டங்களில் அமைந்த இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறது, புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' (1943). சீதைக்கு நேர்ந்ததை அகலிகை அறிந்தால் என்ன ஆகும் என்னும் வினாவிற்கு அக்கதை விடை தேடுகிறது. சீதை வாயிலாகவே அதனை அறியும் அகலிகை, இறுதியில் மீண்டும் கல்லாகிறாள்.

இக்கதையையும் நாம் வினவி வாசிக்கலாம். அகலிகை இராமனை எதிர்த்து நீண்ட உரை ஏதும் ஆற்றவில்லை. கல்லாதலே அவளது விடையாகிறது. இம்முடிவு ஏன் நம் நெஞ்சைத் தைக்கிறது? ஆசிரியர் எதனைக் கூறினார், எதனைக் கூறாமல் விட்டார்? இவ்வாறு வினவும்போது கதையின் சுவை குறைவதில்லை. எழுதும் முறையும் புலப்படுகிறது.

தன் எழுத்தைத் தானே வாசித்தல்

நூலுக்குரிய பத்து அழகுகளையும் பத்துக் குற்றங்களையும் நன்னூல் வகுத்துள்ளது. எனவே, குறை காண்பது மட்டுமே திறனாய்வு ஆகாது. நிறையைக் கண்டு அதன் காரணத்தை உணர்வதும் திறனாய்வே.

பிறர் எழுத்தை ஆராய்வது எளிது. தன் எழுத்தை ஆராய்வதே அரிது. மாணவர் ஒருவர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்:

"எங்கள் ஊர் ஏரி மிக அழகானது. அதன் அழகு மனத்தைக் கவரும். அத்தகைய அழகிய ஏரியைக் காணக் கண்கோடி வேண்டும்."

மூன்று தொடர்களும் ஒரே செய்தியையே உரைக்கின்றன. இது 'கூறியது கூறல்' என்னும் குற்றம். அழகு என்ற சொல் மும்முறை வந்தும் ஏரி நம் கண்முன் தோன்றவில்லை. அதனால், 'குன்றக் கூறல்' என்னும் குற்றமும் இதில் உண்டு. இவற்றை உணர்ந்த மாணவர் பின்வருமாறு திருத்தலாம்:

"சித்திரையில் நாங்கள் பந்து விளையாடும் திடல், கார்த்திகையில் கலங்கல் வழிந்தோடும் ஏரியாகிவிடும்."

இப்போது அழகு என்னும் சொல் இல்லை, ஏரி இருக்கிறது. முதலில் எழுதியதை அயலார் எழுத்தைப்போல் வினவி வாசித்ததே இம்மாற்றத்திற்குக் காரணம். அவ்வாறு வாசிக்கத் தெரிந்தவருக்குத் திருத்துவோர் அருகில் இல்லாத காலத்திலும் எழுத்து வளரும்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் விரும்பிப் படித்த சிறுகதையின் முடிவை மாற்றி எழுதுக. ஆசிரியரின் முடிவோடு ஒப்பிட்டு, எது பொருந்துகிறது என்பதைக் காரணத்துடன் வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றில் கூறியது கூறல், குன்றக் கூறல் ஆகிய குற்றங்கள் உள்ள இடங்களைக் கண்டறிந்து திருத்துக.