எல்லா ஹைட்ரஜனும் சுத்தமானதா?

கேள்வி: ஹைட்ரஜன் எரிந்தால் புகை இல்லை, நீராவிதான் வரும் என்கிறார்களே, அப்படியானால் அது முழுக்கச் சுத்தமான எரிபொருள்தானே?
– வாசகர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: எரியும்போது கரியமில வாயு வராது என்பது உண்மை. ஆனால், அது எப்படித் தயாரானது என்பதையும் பார்க்க வேண்டும். இன்று உலகில் கிடைக்கும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயுவையும் நீராவியையும் 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நிக்கல் வினையூக்கியின் மேல் செலுத்திப் பிரிக்கிறார்கள். இதில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

இன்னொரு வழி, மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிப்பது. ஒரு கிலோவுக்குச் சுமார் 9 லிட்டர் தூய நீரும், 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் செலவாகும். திரும்பக் கிடைப்பதோ 33 யூனிட் அளவு ஆற்றல்தான். அந்த மின்சாரம் நிலக்கரியில் பிறந்தால் மாசு இன்னும் கூடும். எனவே சூரிய மின்தகடு, நீரைப் பிரிக்கும் கருவி, சேமிப்புத் தொட்டி, பயன்படுத்தும் இடம் எல்லாம் ஒரே அமைப்பாக இணைய வேண்டும். சூரத் அருகே காவாஸில் என்.டி.பி.சி. நிறுவனம் மிதக்கும் சூரிய மின்தகடுகளின் மின்சாரத்தில் ஹைட்ரஜன் தயாரித்து, 2023 முதல் குடியிருப்பின் சமையல் குழாய் எரிவாயுவில் கலந்து தருகிறது.

மின்சாரத்தை நேரடியாகப் பயன்படுத்த முடிகிற இடத்தில் ஹைட்ரஜன் வீண்செலவு. உரம், எஃகு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கே அதை முதலில் கொடுக்க வேண்டும்.