டிஸ்க் கோல்ஃப் தட்டும் வீசும் கையும்

டப்பா மூடியொன்றைக் கிடையாகச் சுழற்றி வீசி, அது காற்றில் மிதந்து சென்று முடிவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவதைப் பார்க்காத சிறுவர்கள் அரியர். அது நேரே சென்று விழாமல் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்வது ஏன் என்று கேட்ட சிறுவர்களும் உண்டு. விடை பெற்றவர்கள் குறைவு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றி இன்று பல நாடுகளில் ஆடப்படும் டிஸ்க் கோல்ஃப் என்னும் ஆட்டத்தில், ஒருவர் தமக்கேற்ற தட்டைத் தேர்ந்தெடுப்பது இக்கேள்விக்குரிய விடையையே பொறுத்திருக்கிறது.

இவ்வாட்டத்தில் பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளுவதற்குப் பதிலாக, கையால் வீசும் தட்டை, கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் கூடையொன்றில் விழச் செய்தல் வேண்டும். மிகக் குறைந்த வீச்சுகளில் எல்லாக் கூடைகளையும் முடிப்பவரே வெற்றி பெற்றவர். இதற்கென அமைந்த முதல் நிரந்தர ஆடுகளம் 1975-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் என்பவரால் நிறுவப்பட்டது. அவர் ஏற்கெனவே, 1957 முதல் வாம்-ஓ நிறுவனம் விற்று வந்த ஃபிரிஸ்பீ என்னும் பிளாஸ்டிக் தட்டைத் திருத்தியமைத்துப் புகழ் பெற்றவர். தொடக்கத்தில் அத்தகைய மழுங்கிய விளிம்புள்ள தட்டுகளே ஆட்டத்தில் பயன்பட்டன. 1983-இல் டேவ் டனிபேஸ் என்பவர் சரிவாகக் கூர்த்த விளிம்புடைய தட்டை வகுத்தார். காற்றைப் பிளந்து செல்லும் அத்தட்டு பழையவற்றினும் வெகுதூரம் சென்றது. இன்று நூற்றுக்கணக்கான உருவங்களில் தட்டுகள் கிடைப்பதற்கு அதுவே தொடக்கம்.

இங்கு ஆசிரியர்கள் முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கோல்ஃப் தட்டு பிடித்து விளையாடுவதற்குரியதன்று. அது குறுக்களவில் ஏறத்தாழ 21 சென்டிமீட்டரே உடையது, ஆயினும் எடை 170 கிராமுக்கு மேலும் இருக்கலாம், விளிம்போ கெட்டியானது. முகத்திலோ விரலிலோ பட்டால் காயம் உண்டாகும். வீசுபவருக்கு முன்னே எவரும் நிற்கலாகாது என்ற விதியை முதல் நாளே நிலைநாட்டுதல் வேண்டும்.

புதிதாக ஆட்டத்திற்கு வருபவர் தட்டு வாங்கும்போது செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே. தட்டின் மேல் நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் வேகத்தைக் குறிப்பது என்று கேள்விப்பட்டவுடன், மிகப் பெரிய எண்ணுள்ள தட்டே மிகுந்த தூரம் செல்லும் என்று எண்ணி அதனையே வாங்கிவிடுகிறார். திடலுக்குச் சென்று வீசினால் அது இடப்புறம் வளைந்து, நாற்பது ஐம்பது மீட்டரிலேயே தரையில் குத்தி நிற்கிறது. இன்னும் பலமாக வீசுகிறார். இன்னும் விரைவாக வளைகிறது. கையில் வலிவில்லை என்றோ ஆட்டம் தமக்கு வராது என்றோ முடிவு செய்து விலகுபவர் பலர். உண்மையில் குறை அவரிடம் இல்லை, தட்டினிடமும் இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதே குறை.

அந்நான்கு எண்களின் பொருள் இது. முதலாவது, வேகம்: அத்தட்டு தனக்கு விதிக்கப்பட்ட பாதையில் பறப்பதற்கு எவ்வளவு விரைவாக வீசப்பட வேண்டும் என்பது. இது 1 முதல் 14 வரையில் குறிக்கப்படுகிறது. இரண்டாவது, மிதப்பு: காற்றில் எவ்வளவு நேரம் தாங்கி நிற்கும் என்பது. மூன்றாவது, திரும்பல்: வலக்கையால் புறங்கை வீச்சாக வீசும்போது, விரைந்து செல்லும் முதற்பகுதியில் தட்டு வலப்புறம் சாயும் இயல்பு. இது +1 முதல் −5 வரை குறிக்கப்படும். எண் குறையக் குறையச் சாய்வு மிகும். நான்காவது, இறுதிச் சாய்வு: வேகம் தளர்ந்தபின் இடப்புறம் வளையும் இயல்பு, 0 முதல் 5 வரை. இம்முறையைப் பரப்பியது இன்னோவா நிறுவனம். ஆனால் இவ்வெண்களை அளந்து சான்று தரும் பொது அமைப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் தட்டுக்குத் தானே எண் இடுகிறது. ஆகவே ஒரு நிறுவனத்தின் 7-உம் மற்றொன்றின் 7-உம் சரிசமமானவை என்று கொள்வதற்கில்லை.

முதல் எண்ணைப் பலர் வாக்குறுதியாகப் படிக்கின்றனர். அது வாக்குறுதியன்று, நிபந்தனை. இது ஏன் என்பதை விளக்கப் பம்பரத்தை நினைவு கூர்வது போதும். சாய்ந்து சுழலும் பம்பரத்தைப் புவியீர்ப்பு கீழே தள்ள முயல்கிறது. பம்பரமோ விழுவதில்லை, அதன் அச்சு மெல்ல வட்டமிடுகிறது. சுழலும் பொருளைக் கவிழ்க்க முயலும் விசை அதனை அத்திசையில் கவிழ்ப்பதில்லை. அதற்குச் செங்குத்தான வேறொரு திசையில் அச்சைத் திருப்புகிறது.

வகுப்பில் இதனைக் காட்டுவது எளிது. சைக்கிள் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றி, அச்சுத் தண்டின் இரு முனைகளிலும் பிடித்துக்கொள்ள வசதி செய்து, ஒரு கை மேலும் மற்றொரு கை கீழுமாகச் சக்கரத்தைக் கிடையாகப் பிடிக்கவேண்டும். மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் செல்லும் திசையில் மற்றொருவர் அதனைச் சுழற்றிவிடட்டும். இப்போது பிடித்திருப்பவர் சக்கரத்தின் முன்பக்கத்தை உயர்த்த முயன்றால், முன்பக்கம் உயர்வதற்குப் பதிலாக இடப்பக்கம் தாழும். முன்பக்கத்தைத் தாழ்த்த முயன்றால் வலப்பக்கம் தாழும். இதனை ஒரு முறை கையால் உணர்ந்த மாணவன் பிறகு தட்டின் போக்கைக் கண்டு வியப்பதில்லை.

வலக்கைப் புறங்கை வீச்சில் தட்டு சுழல்வதும் இதே திசையில்தான். காற்று தட்டைத் தாங்கும் தூக்குவிசை தட்டின் நடுவில் சரியாக அமைவதில்லை. தட்டு மிக விரைந்து, ஏறக்குறையத் தட்டையாகச் செல்லும்போது அவ்விசையின் மையம் எடை மையத்திற்குப் பின்னே அமையக்கூடும். அப்போது அது முன்விளிம்பைத் தாழ்த்த முயல்கிறது. தட்டு வலப்புறம் சாய்கிறது. வேகம் குறைந்து தட்டு கீழிறங்கத் தொடங்கியதும் காற்று அடியிலிருந்து தாக்குகிறது. மையம் முன்னே நகர்கிறது. முன்விளிம்பு உயர முயல்கிறது. தட்டு இடப்புறம் சாய்கிறது. முன்னது திரும்பல், பின்னது இறுதிச் சாய்வு. டப்பா மூடியின் புதிருக்கும் விடை இதுவே.

ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் இருவேறு வாழ்க்கைகள் உண்டு: விரைவில் ஒன்று, தளர்வில் ஒன்று. வேகம் 12 என்று குறிக்கப்பட்ட தட்டுக்கு மெதுவான கை அதன் முதல் வாழ்க்கையைக் கொடுப்பதே இல்லை. கையை விட்ட கணத்திலேயே அது தளர்நிலையில் இருக்கிறது. எனவே உடனே இடப்புறம் வளைகிறது. எடுத்துக்காட்டாக இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் என்னும் தட்டின் எண்கள் 12, 5, −1, 3. அதே நிறுவனத்தின் லெப்பர்ட் என்னும் தட்டின் எண்கள் 6, 5, −2, 1. இரண்டிற்கும் மிதப்பு ஒன்றே. ஆயினும் புதியவர் கையில் லெப்பர்டே பெரும்பாலும் தூரம் செல்லும். ஏனெனில் அதற்கு வேண்டிய வேகத்தை அவரால் கொடுக்க இயலும். கடைசியில் அது வளைவதும் குறைவு.

இடக்கையர் விஷயத்தில் ஆசிரியர் விசேஷ கவனம் செலுத்துதல் அவசியம். விளக்கங்கள் யாவும் வலக்கைப் புறங்கை வீச்சை அடிப்படையாகக் கொண்டே எழுதப்படுகின்றன. இடக்கையால் அவ்வாறு வீசினால் சுழற்சி எதிர்த்திசையில் அமையும். இடமும் வலமும் முழுதும் மாறிவிடும். வலக்கையால் உள்ளங்கை முன்னோக்க வீசும் வீச்சிலும் அப்படியே. இதனை அறியாத பயிற்றுநர், இடக்கை மாணவனின் தட்டு இறுதியில் வலப்புறம் சாய்வதைக் கண்டு அவன் தவறாக வீசுவதாகத் திருத்த முற்படுவார். மாணவனோ சரியாகவே வீசியிருப்பான்.

இனி வீசும் பாணிக்கு வருவோம். திடலில் காணப்படும் புதியவர்களுள் பெரும்பாலோர், மேல்நோக்கி வீசினால் தூரம் செல்லும் என்று எண்ணித் தட்டின் முன்விளிம்பை உயர்த்தி விடுகின்றனர். அத்தட்டு ஏறி, நின்று, இடப்புறம் சரிந்து விழும். இப்பழக்கம் உள்ளவருக்கு இறுதிச் சாய்வு மிகுந்த தட்டைக் கொடுத்தால் குறை இருமடங்காகும். அதற்காக வலப்புறம் மிகுதியாகத் திரும்பும் தட்டைக் கொடுத்து மறைப்பதும் நல்லதன்று. குறை மறையுமேயன்றித் தீராது. வேகம் 2 அல்லது 3 உள்ள, ஆட்டக்காரர் ‘பட்டர்’ என வழங்கும் இலக்குத் தட்டையே சில வாரங்கள் வீசச் செய்தல் சிறந்தது. அவியார் என்னும் பழைய இலக்குத் தட்டின் எண்கள் 2, 3, 0, 1. இத்தகைய தட்டு வீசுபவரின் பிழையை உள்ளபடியே காட்டும். கண்ணாடியைப் போன்றது எனலாம்.

சிலருக்குக் கையில் வேகம் இயல்பாகவே இருக்கும். கிரிக்கெட்டில் எல்லையிலிருந்து பந்தெறிந்து பழகியவர்கள் இவ்வகையினர். ஆனால் அவ்வேகத்துக்கு ஏற்ற சுழற்சி இராது; தட்டு நடுங்கிக்கொண்டே கிளம்பும். திரும்பல் எண் −3, −4 உள்ள தட்டு இவர்கள் கையில் வலப்புறம் கவிழ்ந்து தரையில் உருண்டோடும். இவர்களுக்குத் திரும்பல் 0 அல்லது −1 உள்ள, வேகம் 4 அல்லது 5 கொண்ட நடுத்தொலைத் தட்டே பொருத்தம். உள்ளங்கை வீச்சை விரும்புபவர்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். அவ்வீச்சில் தொடக்க நடுக்கம் மிகுதி. மென்மையாக, நிதானமாக வீசுபவர்களுக்கோ, சிறுவர்களுக்கோ, முதியவர்களுக்கோ திரும்பல் −2 அல்லது −3 உள்ள இலேசான தட்டு நண்பனாக அமையும். அவர்களது வேகத்தில் அது நேராகவே செல்லும்.

கையின் அளவையும் மறக்கலாகாது. வேகம் மிகுந்த தட்டுகளின் விளிம்பு அகலமானது, விதிகள் 2.6 சென்டிமீட்டர் வரை அனுமதிக்கின்றன. சிறிய விரல்கள் அதனைச் சுற்றிப் பிடிக்க இயலாமல் தட்டு முன்னதாகவே நழுவிவிடும். எடையைப் பொறுத்தவரை, குறுக்களவின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமே உச்ச வரம்பு. 150 கிராம் அளவிலுள்ள தட்டுகள் இளையோருக்கு எளியவை. காற்று வீசும் இடங்களில் மட்டும் அலைக்கழிக்கப்படும்.

தட்டு பொருந்துகிறதா என்று அறியத் திடலில் ஒரு சோதனை போதும். கால்பந்துத் திடலின் நீளம் அளவுகோலாகப் பயன்படும். மாணவன் ஓடிவராமல் நின்றபடியே, தோளுயரத்தில், தட்டையாகப் பத்து முறை வீசட்டும். காற்றின் விளைவை ஈடுசெய்ய ஐந்து ஒரு முனையிலிருந்தும் ஐந்து மறுமுனையிலிருந்தும். ஒருவர் நேர்ப்பின்னே நின்று இட வல வளைவை நோக்க வேண்டும். மற்றொருவர் பக்கவாட்டில், வீசும் கோட்டிற்குப் பின்னேயே நின்று, முன்விளிம்பு உயர்ந்து கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். மிகச் சிறந்த வீச்சைக் கணக்கிடுவதில் பயனில்லை. நடுத்தரமான ஆறு வீச்சுகள் எங்கே விழுந்தன என்பதே கணக்கு. முன்விளிம்பு உயராமல் சென்றும் தட்டு பாதி வழியிலேயே இடப்புறம் வளைந்தால், அது அக்கைக்கு வேகம் மிகுந்த தட்டு. வலப்புறம் சென்று மீளாமலே விழுந்தால், நடுக்கமில்லை என்று உறுதி செய்துகொண்டபின், திரும்பல் குறைந்த தட்டுக்கு மாறலாம்.

அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் கொள்ளும் உத்தேசக் கணக்கொன்று உண்டு. நடுத்தொலைத் தட்டால் 60 மீட்டரை எளிதாக எட்டாதவர் வேகம் 5-க்கு மேற்பட்ட தட்டை நாட வேண்டுவதில்லை. அதனைக் கடந்தவர் 6 முதல் 8 வரை முயலலாம். அத்தட்டுகளால் 100 மீட்டரைத் தாண்டிய பின்னரே 10-உம் அதற்கு மேலும். இக்கணக்கு விதியன்று, ஆனால் வீண் செலவைத் தவிர்க்கும். பள்ளிக்கோ இளைஞர் சங்கத்திற்கோ சில தட்டுகளே வாங்கப் பணம் இருந்தால், இலக்குத் தட்டும் நடுத்தொலைத் தட்டுமாக வாங்கி, வேகம் 7-க்குட்பட்ட தொலைத்தட்டு ஒன்றிரண்டு சேர்த்தால் போதுமானது.

காற்றைப் பற்றி ஒரு சொல். எதிர்க்காற்றில் தட்டு காற்றினூடே செல்லும் வேகம் மிகுவதால், வலப்புறத் திரும்பலும் மிகும். பின்காற்றில் இறுதிச் சாய்வு முந்திக்கொள்ளும். மலைப்பகுதியின் மெலிந்த காற்றிலும் பிந்தியதே நிகழும். ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் போன்ற நகரங்களில் ஆடுபவர்கள் கடற்கரையில் தேர்ந்தெடுத்த தட்டுகளை மாற்றிக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

தட்டு தேய்வதாலும் அதன் குணம் மாறுகிறது. மரத்திலும் கல்லிலும் மோதி விளிம்பு மழுங்க மழுங்க, வலப்புறத் திரும்பல் கூடி இறுதிச் சாய்வு குறையும். மலிவான மென்பிளாஸ்டிக்கில் இம்மாற்றம் சில மாதங்களிலேயே தென்படும். தேய்ந்த தட்டைக் கழித்துவிட வேண்டியதில்லை. மெதுவாக வீசும் புதிய மாணவனுக்கு அது கடையிலிருந்து வந்த புதுத்தட்டைக் காட்டிலும் நன்றாகப் பறக்கும். தட்டின் அடியில் வாங்கிய மாதத்தை மையால் எழுதி வைத்தால், எது எந்த நிலையில் உள்ளது என்று பொறுப்பாளருக்குத் தெரியும்.