கணவாயைக் கடக்குமுன்: ஆல்ப்ஸ் பாதைகளின் நிலையை அறியும் முறை

ஆல்ப்ஸ் மலைகளில் இருப்பதைப் போல அத்தனை ஒழுங்காகக் குறியிட்டுப் பராமரிக்கப்படும் நடைபாதைகளைக் காண்பது அரிது. சுவிட்சர்லாந்து என்னும் சிறிய தேசத்தில் மட்டுமே அவை சுமார் 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகின்றன. பாதைகள் பிரியுமிடங்களில் மஞ்சள் பலகை நின்று, எந்த ஊர் எந்தத் திசையில் எத்தனை மணி நேர நடையில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. புதிதாக வருகிறவரை ஏமாற்றுவதும் இந்த ஒழுங்குதான். பலகை இருக்கிறது, வரைபடத்தில் கோடு இருக்கிறது, ஆகவே பாதையும் இருந்தே தீரவேண்டும் என்று நம்பி ஜூன் மாதத்தில் புறப்பட்டு, கணவாயின் உச்சிக்கு 200 மீட்டர் கீழே, கோடு இருக்கவேண்டிய இடத்தை ஒரு வெள்ளைச் சரிவு மூடிக் கிடப்பதைக் கண்டு திகைத்து நிற்பவர்களுக்கு எந்த ஆண்டும் குறைவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பாதை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்து அறிவது தனியான ஒரு காரியம். அதைச் செய்யும் முறையையே இங்கே வரிசையாகச் சொல்ல உத்தேசம். நடக்கத் தெரிந்தவர்களுக்காக எழுதுவதால், பூட்ஸ் வாங்குவது முதலான பூர்வாங்க விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

1. பாதையின் தரம்

சுவிட்சர்லாந்தில் மஞ்சள் குறி சாதாரண நடைபாதையையும், வெள்ளை–சிவப்பு–வெள்ளைப் பட்டை மலைப்பாதையையும், வெள்ளை–நீலம்–வெள்ளைப் பட்டை பனித்திட்டும் பாறையும் குறுக்கிடக்கூடிய உயர்மலைப் பாதையையும் குறிக்கும். சுவிஸ் ஆல்பைன் சங்கம் இதையே டி1 முதல் டி6 வரை ஆறு படிகளாக வகுத்திருக்கிறது. ஆஸ்திரியாவில் நீலம், சிவப்பு, கறுப்பு என்று மூன்று. இவற்றை மனப்பாடம் செய்வது எளிது. பலரும் மறந்துவிடுவது, இந்தத் தரங்களெல்லாம் பாதை உலர்ந்து பனியற்றுக் கிடக்கும் நல்ல காலத்தை உத்தேசித்து வகுக்கப்பட்டவை என்பதைத்தான். ஆகஸ்டில் குழந்தைகளும் ஏறிச் செல்லும் சிவப்புப் பட்டைப் பாதை, ஜூன் முதல் வாரத்தில் கயிறும் பனிக்கோடரியும் வேண்டுகிற இடமாக இருக்கக்கூடும். பலகையில் எழுதியது மட்டும் இரண்டு மாதத்திலும் ஒன்றே.

2. நேரக் கணக்கு

பலகையில் கண்ட நேரத்தில் ஓய்வு நேரம் சேராது. வரைபடத்தைக் கொண்டு நாமே கணக்கிட ஒரு வழி உண்டு: சமதளத் தூரத்துக்கு மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்துக்கு மணிக்கு 300 மீட்டர், இறக்கத்துக்கு மணிக்கு 500 மீட்டர் என்று கொண்டு, தூரத்துக்கான நேரத்தையும் உயரத்துக்கான நேரத்தையும் தனித்தனியே கண்டு, பெரியதுடன் சிறியதில் பாதியைக் கூட்டவேண்டும். 8 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள வழிக்கு 2 மணியும் 3 மணியும் வரும். ஆகவே மொத்தம் 4 மணி. பனியின் மேல் நடக்கும் பகுதிக்கு மட்டும் இதை இரட்டித்துக்கொள்வது என் வழக்கம். உங்களுக்கும் அதையே விதியாகச் சொல்வேன்.

3. அடைக்கப்பட்ட பாதைகள்

சுவிட்சர்லாந்தின் அரசு நில அளவைத் துறையான சுவிஸ்டோப்போவின் செயலியில், அடைப்புகளும் மாற்றுவழிகளும் வரைபடத்தின் மேலேயே காட்டப்படுகின்றன. புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை அதை ஒருமுறை பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். ஜெர்மன் பேசும் பிரதேசத்தில் 'கெஷ்பெர்ட்' என்றும், பிரெஞ்சுப் பிரதேசத்தில் 'ஃபெர்மே' என்றும், இத்தாலியில் 'கியூசோ' என்றும் எழுதியிருந்தால் பாதை அடைக்கப்பட்டிருக்கிறது. 'ஷ்டைன்ஷ்லாக்' என்பது கல் விழும் இடம்.

அடைத்த பாதையில், இன்று கல் ஒன்றும் விழக்காணோமே என்று நுழைகிறவர்களோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை. உயரமான பாறைகளை உள்ளே உறைந்திருக்கும் நிலப்பனி பிடித்து வைத்திருக்கிறது. வெப்பம் ஏறி அது தளர்ந்து வருகிற இக்காலத்தில், 2017 ஆகஸ்ட் 23 அன்று பிட்ஸ் செங்காலோ மலையின் ஒரு பக்கமே, சுமார் 30 லட்சம் கன மீட்டர் பாறையாகப் பெயர்ந்து விழுந்து, கீழே பொண்டாஸ்கா பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருந்த 8 பேரைக் கொண்டுபோயிற்று. கான்டர்ஸ்டேக் ஊருக்கு மேலே ஓஷினன் ஏரியைச் சுற்றிய சில பாதைகளை அதிகாரிகள் அடைத்ததும், 'ஷ்பிட்சே ஷ்டை' என்னும் பாறை நகர்ந்துகொண்டே இருப்பதை அளந்து கண்டபிறகுதான்.

4. பனியை விசாரித்தல்

எல்லாரும் இடறுவது இந்தப் படியில்தான். ஆகவே சற்று விஸ்தாரமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்னும் மூன்று தேசங்களின் வழியாக மோன் பிளாங் மலையைச் சுமார் 170 கிலோமீட்டர் சுற்றிவரும் பாதையை உதாரணமாகக் கொள்வோம். அதில் கோல் த லா சேஞ் 2,516 மீட்டர்; கிராண்ட் கோல் ஃபெரே 2,537 மீட்டர்; மாற்றுவழியாகிய ஃபெனேத்ர் தார்பெத் 2,665 மீட்டர். அடிவாரத்து ஷாமொனி ஊரில் ஜூன் மாதம் பூக்கள் பூத்துக் குலுங்கும்போது, இந்த உயரங்களில், முக்கியமாக வடக்கு நோக்கிய சரிவுகளிலும் சூரியன் எட்டாத மலை இடுக்குகளிலும், குளிர்காலத்துப் பனி இன்னும் கரையாமல் கிடக்கும். ஒரே கணவாயின் தெற்குப் பக்கம் புல்லாகவும் வடக்குப் பக்கம் பனியாகவும் இருப்பது சகஜம். ஏறும்போது வழி சுத்தமாக இருந்தது என்பதால் இறங்கும் வழியும் அப்படியே இருக்கும் என்று எண்ணக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இதை வீட்டிலிருந்தே பாதி அறிந்துவிடலாம். ஐரோப்பாவின் சென்டினல்–2 செயற்கைக்கோள்கள் 5 நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் எடுக்கின்றன; 10 மீட்டர் அளவுள்ள விஷயங்கள் அதில் தெரியும்; படங்களைக் காண யாருக்கும் கட்டணம் இல்லை. மேகமில்லாத கடைசிப் படத்தைத் தேடி எடுத்து, நம்முடைய பாதையை அதன் மேல் கண்ணால் ஓட்டிப் பார்த்தால், எந்தெந்தத் திருப்பத்தில் வெள்ளை குறுக்கிடுகிறது என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். இந்தச் சுலபமான உபாயத்தை ஏன் இத்தனை பேர் கைக்கொள்ளாமல் இருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்குவதே இல்லை.

அடுத்தது வெப்கேமரா. அநேகர் தாம் தங்கப்போகும் ஊரின் கேமராவைப் பார்த்து, வெயிலும் பசும்புல்லும் கண்டு, திருப்தியடைந்துவிடுகிறார்கள். அது பிரயோஜனமற்ற வேலை. நம் கணவாயின் உயரத்துக்கு ஏறத்தாழச் சமமான உயரத்தில் இருக்கிற, நம் சரிவு நோக்கும் திசையையே நோக்குகிற வேறொரு சரிவைக் காட்டும் கேமராவைத் தேடவேண்டும். கேபிள் கார் நிலையங்களிலும் உயரத்துக் குடில்களிலும் அவை இருக்கும். அது பத்து மைல் தள்ளியிருந்தாலும் பாதகமில்லை, உயரமும் திசையும் ஒத்திருந்தால் போதும்.

மீதிப் பாதியை மனிதரிடம்தான் கேட்டறியவேண்டும். ஷாமொனியில் 'லா ஷமோனியார்ட்' என்ற சங்கம் நடத்தும் மலைத்தகவல் அலுவலகம் இதற்கென்றே இருக்கிறது; மற்ற இடங்களில் கணவாய்க்கு அருகிலுள்ள மலைக்குடிலின் காப்பாளருக்குத் தொலைபேசியில் பேசுவதே உத்தமம். காலையில் விருந்தினர் புறப்பட்டுப்போன பின், பத்து மணிக்கு மேல் பேசுங்கள். இரவுச் சாப்பாட்டு வேளையில் பேசினால் ஒரு வார்த்தைதான் பதிலாகக் கிடைக்கும்.

"பாதை நன்றாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பிறந்ததுமுதல் பனியில் நடந்த கால்களை வைத்துக்கொண்டு அவர் "நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்; அவர் சொல்வது பொய்யல்ல, ஆனால் அவருடைய நன்மை வேறு, நம்முடைய நன்மை வேறு. கேட்கவேண்டியவை இவை: நேற்றும் இன்றும் அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கடந்து வந்தார்களா? வந்தவர்கள் என்னைப் போன்ற நடைப்பிரயாணிகளா, மலையேறும் வித்தை தெரிந்தவர்களா? பூட்சுக்கு அடியில் முள் மாட்டியிருந்தார்களா? பனி கிடப்பது சமதரையிலா, சரிவிலா? அதில் மிதித்த தடம் விழுந்திருக்கிறதா? அங்கே கால் வழுக்கினால் உருண்டு எங்கே போய் நிற்பேன்?

இந்தக் கடைசிக் கேள்வியே பிரதானமானது. கீழே அகலமான புல்வெளி என்றால் வழுக்கினாலும் நனைந்த துணியோடு எழுந்துவிடலாம். கீழே பாறையோ, செங்குத்தோ, ஓடையோ என்றால் ஆறடி அகலமுள்ள பனித்திட்டும் பெரிய அபாயம். மேலும், மூன்று நாளைக்கு மேற்பட்ட எந்தச் செய்தியையும் நான் செய்தியாகவே கொள்வதில்லை. ஜூன் மாதத்து வெயில் மூன்று நாளில் ஒரு சரிவையே திறந்துவிடும். ஒரே இரவில் பெய்யும் புதுப்பனி மிதித்த தடமெல்லாவற்றையும் மூடிவிடும்.

5. பனியின் முன் நிற்கும்போது

மேகமற்ற இரவுக்குப் பின் காலைப் பனி கல்லைப்போல் இறுகியிருக்கும். பிற்பகலில் இளகித் தொடையளவு புதையும். மேகம் மூடிய இரவானால் பனி இறுகுவதே குறைவு. எனவே, முள் இல்லாதவர்கள் வடக்குச் சரிவை விடியற்காலையில் அடைவதும் தவறு, மாலையில் அடைவதும் தவறு. மேற்பரப்பு சற்றே இளகிய முற்பகலே தக்க வேளை. குதிகாலை ஓங்கி ஊன்றிப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் நடக்கலாம். விழாவிட்டால், கீழேயுள்ள இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்புவதே விவேகம். கையிலுள்ள ஊன்றுகோல், இறுகிய சரிவில் வழுக்கியவரை நிறுத்தாது. பாறையை ஒட்டிய ஓரத்திலும் ஓடைக்கு மேலும் பனி அடியில் குடைந்து வெறுமையாக இருக்கும். நீரின் சத்தம் காலுக்குக் கீழே கேட்டால் விலகிப் போகவேண்டும்.

திரும்புவதற்கு மனம் வரவேண்டுமானால் மாற்றுவழி முன்பே கையில் இருக்கவேண்டும். ஷாம்பேயிலிருந்து த்ரியானுக்குச் செல்பவருக்கு, ஃபெனேத்ர் தார்பெத் பனியால் மூடியிருந்தால், தாழ்வான போவின் மேய்ச்சல்நிலத்து வழி இருக்கிறது. இப்படி ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளாமல் புறப்படாதீர்கள்.

6. மற்றவை

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வழக்கம். நண்பகலுக்குள் கணவாயைக் கடந்துவிடுங்கள். பனியாற்று ஓடைகளில் மாலை நேரத்தில் நீர் பெருகும். கடக்கவேண்டியிருந்தால் காலையில் கடக்கவேண்டும்.

ஆபத்தில் ஐரோப்பா முழுவதும் 112. சுவிட்சர்லாந்தில் ரேகா என்னும் விமான மீட்புச் சங்கத்துக்கு 1414. ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140. தொலைபேசி எட்டாத இடத்தில், நிமிஷத்துக்கு ஆறு முறை சமமான இடைவெளியில் விளக்கைக் காட்டியோ சீழ்க்கை அடித்தோ, ஒரு நிமிஷம் நிறுத்தி, மீண்டும் தொடரவேண்டும். நிமிஷத்துக்கு மூன்று முறை பதில் வந்தால், உங்களைக் கண்டுவிட்டார்கள் என்று பொருள்.

முடிவாக இரண்டு வேண்டுகோள். வழியில் திரும்பிவிட்டால், அன்றிரவு இடம் சொல்லியிருந்த குடிலுக்கு உடனே தெரிவியுங்கள்; இல்லாவிட்டால் நீங்கள் வராததைக் கண்ட காப்பாளர் இருட்டில் உங்களைத் தேட ஆள் அனுப்பும்படி ஆகும். கணவாயைக் கடந்துவிட்டாலோ, பனி எங்கே கிடந்தது, எவ்வளவு இறுகியிருந்தது, தடம் இருந்ததா என்பதை அந்தப் பக்கத்துக் குடிலில் ஒரு நிமிஷம் நின்று சொல்லிவிட்டுப் போங்கள். நாளைக்குத் தொலைபேசியில் அதே கேள்வியைக் கேட்கப்போகிறவருக்கு, காப்பாளரிடம் வேறு பதில் கிடையாது.