குளவி கொட்டினால் என்ன செய்வது?



கொழுந்து பறிக்கப் போனவர்கள் குளவி கொட்டி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள் என்ற செய்தி ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் நமக்குப் புதிதல்ல. "கொட்டுனா வீங்கும், ரெண்டு நாள்ல வத்திடும்" என்று சொல்கிறோம். பலருக்கு அது சரிதான். ஆனால் சிலருக்குச் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வந்துவிடும். இந்த இரண்டையும் பிரித்து அறிவதே இன்றைய பாடம்.

கொட்டுவது எது?

நாம் எல்லாவற்றையும் குளவி என்கிறோம். உயர்ந்த மரத்திலும் பாறையிலும் ஒற்றை அடையாகத் தொங்குவது பெரிய தேனீயின் கூடு. சிங்களத்தில் அதைப் பம்பரா என்பார்கள். அதன் கொடுக்கு நம் தோலிலேயே நின்றுவிடும். அதிலிருந்து வரும் வாசனை மற்றத் தேனீக்களையும் கூப்பிடும். உண்மையான குளவியின் கொடுக்கு தோலில் நிற்காது. ஒரே குளவி பல தடவை கொட்டும். தெனியாயவில் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், கொட்டு வாங்கி வைத்தியசாலைக்கு வந்த பெரும்பாலோரைக் கொட்டியது பெரிய தேனீதான்.

ஒவ்வாமை என்றால் என்ன?

ஒரு தடவை கொட்டிய விஷத்தைச் சிலருடைய உடம்பு எதிரியாக நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை ஒரே ஒரு கொட்டுக்கும் உடம்பு முழுவதும் பொங்கி எழும். ஆகவே, "போன வருஷமும் கொட்டிச்சு, ஒண்ணும் ஆகல" என்று அசட்டையாக இருக்கக்கூடாது.

அபாய அறிகுறிகள்

கொட்டிய இடத்தில் மட்டும் வலியும் வீக்கமும் இருந்தால் பயம் வேண்டாம். ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காதீர்கள்:

• உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு
• உதடு, நாக்கு வீக்கம், குரல் கம்முதல்
• மூச்சுத் திணறல், இழுப்பு
• வாந்தி, வயிற்று வலி
• தலைசுற்று, மயக்கம்

செய்ய வேண்டியவை

1. படங்கால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு தூரமாக ஓடுங்கள். தேனீயை அடிக்காதீர்கள்.
2. கொடுக்கு நின்றால் உடனே நகத்தால் வழித்து எடுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் தடவ வேண்டாம். சவர்க்காரம் போட்டுக் கழுவிக் குளிர்ந்த நீர்த் துணி வையுங்கள்.
3. மயக்கம் வந்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். எழுப்பி நடத்தக் கூடாது. மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வையுங்கள்.
4. 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். அது வரப் பிந்துமென்றால் கிடைக்கும் வாகனத்தில் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள்.

உயிரைக் காக்கும் ஊசி

பிரிட்டன் குளிசை அரிப்பைக் குறைக்கும்; உயிரைக் காப்பாற்றாது. காப்பாற்றுவது அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும்போது அது மூச்சுக் குழாயை விரித்து, விழுந்த இரத்த அழுத்தத்தை உயர்த்தும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது. சுகமான பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம். ஆகவே டொக்டர் விடும்வரை வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

கூட்டமாகக் கொட்டினால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் விஷம் ஏறும். பல குளவிகள் கொட்டியதால் நுரையீரலில் நீர் கோத்தும் சிறுநீரகம் செயலிழந்தும் நேர்ந்த மரணங்களைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் 2014இல் எழுதியுள்ளார்கள். சிறுநீர் குறைந்தாலோ கறுத்தாலோ உடனே சொல்லுங்கள்.

"அரைப்பேர் போயிடும், நெரையை முடிச்சிட்டுப் போறேன்" என்று நிற்காதீர்கள், அக்காமாரே. ஒரு தடவை உடம்பெல்லாம் தடித்தவர் அதைக் கங்காணியிடமும் தோட்ட வைத்தியரிடமும் சொல்லி வையுங்கள். கூட்டைக் கண்டால் கல்லெறியாமல், புகை போடாமல், உடனே அறிவியுங்கள். அந்த மலையில் அன்று வேலை வேண்டாம் என்று கேட்பது உங்கள் உரிமை. போன பேரை மறுநாள் போட்டுக்கொள்ளலாம். போன உயிரை மீட்க முடியாது.