சோலை சூழ்ந்த குடியிருப்பு

உண்ண உணவும் உடுக்க உடையும் போல, உறைய ஓர் இல்லமும் மாந்தர்க்கு இன்றியமையாதது. பெருநகரங்களில் வாழ்வோருள் பலர்க்குச் சொந்த வீடு இல்லை. குடிக்கூலி கொடுத்தே அவர்கள் வாழ்கின்றனர். மிகுதியாகக் கொடுக்க வல்லவர் மரங்கள் அடர்ந்த தெருவில் குடியமர்கின்றனர். அஃது இயலாதவர் காற்றும் ஒளியும் புகாத சந்துகளில் ஒடுங்குகின்றனர். மர நிழலும் நற்காற்றும் பொருளுடையார்க்கு மட்டுமே உரியனவோ? இவ்வினாவை எழுப்பி, அதற்கு விடை காணவும் முயன்றவர் ஹென்ரியெட்டா பார்னெட் என்னும் ஆங்கிலப் பெண்மணி.

அம்மையார் 1851-ஆம் ஆண்டில் செல்வக் குடியில் பிறந்தவர். 1873-இல் சாமுவேல் பார்னெட் என்னும் சமயகுருவை மணந்து, இலண்டன் மாநகரின் கீழ்ப்பகுதியிலுள்ள ஒயிட்சாப்பலில் குடியேறினார். அங்கே ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த நிலை அவர் உள்ளத்தை உருக்கிற்று. ஒரு குடும்பம் முழுவதும் ஓர் அறையில் அடைந்து கிடக்கும். முற்றமும் இல்லை, மரமும் இல்லை. அத்தகைய அறைக்கும் வாரந்தோறும் கூலி தவறாது கொடுத்தல் வேண்டும். இக்காட்சியை அம்மையார் மறந்தாரல்லர்.

இலண்டனின் வடபால் ஹாம்ஸ்டெட் என்னும் மேட்டு நிலம் உளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் அருகே சுரங்க இருப்புப்பாதை வரவிருந்தது. பாதை வந்தால் வீடுகள் நெருங்கும், பசும்புல்வெளி மறையும். இதனை உணர்ந்த அம்மையார் பொருள் திரட்டி, 80 ஏக்கர் நிலம் பொதுமக்கட்கு உரிய திறந்தவெளியாக நிலைபெற வழி செய்தார். அதனையடுத்து, ஈட்டன் கல்லூரிக்கு உரியதாயிருந்த 243 ஏக்கர் நிலம் புதிய குடியிருப்புக்காக வாங்கப்பெற்றது. 1907-ஆம் ஆண்டில் வீடுகள் எழத் தொடங்கின. அதுவே ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகர்.

அதனைத் திட்டமிட்டவர் ரேமண்ட் அன்வின். பின்னாளில் புதுதில்லியை வகுத்தவருள் ஒருவரான எட்வின் லட்யன்ஸ், அதன் நடுச்சதுக்கத்தை அமைத்தார். ஓர் ஏக்கருக்குச் சராசரி எட்டு வீடுகளுக்கு மேல் கூடா என வரையறுத்தனர். வீட்டிற்கும் வீட்டிற்கும் இடையே மதில் எழுப்பாது உயிர்வேலி வளர்த்தனர். மதில் அயலாரை மறைக்கும். உயிர்வேலியோ எல்லையைக் காட்டுமேயன்றி அயலாரை அயலாராக்காது. அங்குள்ள சிறு காடுகளிற் சென்று உலவும் உரிமை, கூலி குறைவாகக் கொடுப்பார்க்கும் மிகுதியாகக் கொடுப்பார்க்கும் ஒன்றாகவே இருந்தது.

குடிக்கூலியைக் குறைத்தது எங்ஙனம்? அக்காலத்து விதிகளின்படி சிறு தெருவும் அகன்ற சாலையாகவே அமைதல் வேண்டும். சாலை அகன்றால் செலவு பெருகும். அச்செலவு குடியிருப்போர் தலையிலேயே விழும். ஆகவே, 1906-இல் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் ஒன்று பெற்று, வண்டிகள் மிகுதியாகச் செல்லாத தெருக்களைக் குறுகலாக அமைத்தனர். செலவு குறைந்தது; எஞ்சிய நிலத்தில் புல்லும் மரமும் தழைத்தன. மேலும், குடியிருப்போர் கூடிய கூட்டுறவுச் சங்கங்கள் வீடுகளைக் கட்டின. சங்கத்தில் எஞ்சிய ஊதியம் அவரவர் கொடுத்த கூலிக்கு ஏற்பப் பங்காக அவர்கள் கணக்கிற் சேர்ந்தது. எனவே, குடியிருந்தோர் வெறுங் குடிக்கூலிக்காரராக மட்டும் இல்லாது, உடைமையிற் பங்குடையோராகவும் விளங்கினர். தனித்து வாழ்ந்து பொருளீட்டிய மகளிர்க்கென 1909-இல் வாட்டர்லோ கோர்ட் என்னும் மனைத்தொகுதியும் எழுந்தது.

அம்மையார் அப்புறநகரிலேயே வாழ்ந்து 1936-இல் மறைந்தார். ஆயின், அவர் கண்ட கனவு முழுவதும் நிலைக்கவில்லை. அழகும் அமைதியும் மிக்க அவ்விடத்தை விரும்பினோர் பெருகினர், விலை ஏறிற்று. சங்கங்களின் கையிலிருந்த வீடுகள் நாளடைவில் பிறர் கைக்கு மாறின. இன்று அப்பகுதி இலண்டனிற் பெருஞ்செல்வர் வாழும் இடங்களுள் ஒன்று. அங்கே மரம் ஒன்றை வெட்டவும் முன்னிசைவு பெறுதல் வேண்டும். மரங்களுக்குக் காவல் உண்டு. குறைந்த கூலிக்கு மட்டும் அத்தகைய நிலையான காவல் அமையவில்லை. ஆகவே மரங்கள் நிற்கின்றன. எவர்க்காக அவை நடப்பட்டனவோ, அவ்வேழையர் அந்நிழலில் இல்லை.

இதனால் அம்மையாரின் முயற்சி வீணாயிற்று என்று கூறுதல் தகாது. ஏழையும் செல்வரும் ஒரு சோலையின் நிழலில் அண்டை வீட்டாராய் வாழ்தல் இயலும் என்பதை அவர் சில காலமேனும் மெய்ப்பித்துக் காட்டினார். நாளை நகரங்களை அமைக்கப் போகும் இளைஞர், அவர் தொடங்கியதையும் அவர்க்குப்பின் நழுவியதையும் ஒருங்கே கருதுதல் வேண்டும். மரத்தை நட்டால் மட்டும் போதாது. அதன் நிழலில் எளியவர்க்கும் என்றும் இடம் இருக்குமாறு காத்தலே நிறைவான நகரமைப்பு ஆகும்.